யாருடையது என்று தெரியாத ஆறு

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய என் மனைவியின் ஊரில்தான் எங்கள் குடித்தனம். ஆற்றை எங்களுக்கு இரண்டு விதமாகத்தான் தெரியும். வருடத்தில் பெரும்பகுதி அது இருக்காது; கடல்நீர்தான் ஏறி இறங்கும். மிச்ச நாளில் வீட்டுக்குள் இருக்கும். மேலே அணையில் தண்ணீரை அடைத்து மின்சாரமும் எடுக்கிறார்கள். மழை மிஞ்சினால் மதகைத் திறந்துவிடுகிறார்கள். கீழே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது அவர்களுக்கு ஒவ்வொரு மழைக்கும் புதுச் செய்தி.

இது போதாதென்று, மின்கோபுரம் நட வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி லாரிக்குப் பாதை போட்டார். கோபுரம் எழுந்தது. மண்ணை அள்ளாமலே போய்விட்டார். கடல்நீர் உள்ளே ஏறுவது நின்றது. கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களுக்குச் சேறுதான் அகப்பட்டது. என் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

மனு கொடுக்கப் போனோம். அதிகாரி மிகவும் பொறுமைசாலி.

"அணை ஒரு துறைம்மா, முகத்துவாரம் வேற துறை. நடுவுல இருக்கற ஆறு யாருக்கு வரும்னு பார்க்கணும்."

"வூட்டுக்குள்ள பூந்துட்டா மட்டும் எங்குளுதா சார்?" என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார், பாவம்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக அந்த மண்பாதையை வெட்ட இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கொஞ்ச நேரத்திலேயே உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

"குந்திகினு வேடிக்க பாக்காதய்யா, மண்ண அள்ளு!" என்று மனைவி அதட்டினாள்.

மதியத்துக்குமேல் கடல் ஏறியது. வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் சாம்பல் நிறமாக நுழைந்து, மிச்ச மண்ணைத் தானே கரைத்துக்கொண்டு ஓடியது. பெண்கள் கூச்சலிட்டார்கள்.

செய்தி பரவியதும், யாருடையது என்று தெரியாத ஆற்றுக்கு ஒரே வாரத்தில் சொந்தக்காரர்கள் முளைத்தார்கள். பந்தல், 'நதி மீட்பு விழா' என்று பேனர், உப்பு மண்ணில் பூச்செடிகள். அதே அதிகாரி என் மனைவிக்குச் சால்வை போட வந்தார். அவள் கையால் தடுத்தாள்.

"சால்வயெல்லாம் வேணாம் சார். அணைய தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு, போதும்."

கைதட்டல் எழுந்தது. அவரும் கைதட்டினார்.

ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. போன் வரவில்லை. ஆனால் முன்பெல்லாம் நாள்கணக்கில் நிற்கும் வெள்ளம், நாங்கள் வெட்டிய வழியில் மறுநாளே வடிந்தது. மனைவி வீட்டைக் கழுவிவிட்டு, இறால் கூடையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.