தேரைக்கு ஒரு கால்

"கண்ண மூடிக்கோ, தூசி விழும்" என்று சொல்லிவிட்டுத்தான் பவுனம்மாள் வெண்கலப் பன்றியின் முகத்தைத் துடைப்பாள். பிரிக்பீல்ட்ஸில் சீன முதலாளி லிம் தவுக்கேயின் மளிகைக் கடையைத் தினமும் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. கல்லாவுக்கு மேலே, செல்வம் கொண்டுவரும் என்று முதலாளி நம்பும் பிராணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மீனுக்கு அவள் வைத்த பெயர் மீனாட்சி. பன்றியிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. "ஒக்காந்தே தின்னா வயிறு இப்படித்தான் வரும்லா."

வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவாள். துடைத்த எதற்கும் பொட்டு வைக்காவிட்டால் அவளுக்குக் கை பரபரக்கும். பன்றியின் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்த தவுக்கே தலையைச் சொறிந்தாரே தவிர, அழிக்கச் சொல்லவில்லை.

சீனப் பெருநாளுக்கு முன்னால் பினாங்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பிரித்தவள் பவுனம்மாள். வைக்கோலுக்குள்ளே, வாயில் காசைக் கவ்விய தங்க நிறத் தேரை. முன்னால் இரண்டு கால்; பின்னால் ஒன்றே ஒன்று. வைக்கோலை உதறி உதறித் தேடினாள். இன்னொரு கால் அகப்படவில்லை. தன் கை பட்டுத்தான் உடைந்தது என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்தப் பேதை நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! மழையில் செங்கல் சூளை அணைந்து, கணவன் தம்புசாமி வேலையில்லாமல் இருந்த சமயம். இந்த வேலையும் போனால் வீட்டில் உலை ஏறாது. உள்ளதைச் சொல்லிவிடு என்றான் அவன். அவள் கேட்கவில்லை. சூளைக் களிமண்ணில் கால் பிடித்து, அடுப்பில் சுட்டு, மஞ்சள் பூசி, சோற்றுப் பசையால் ஒட்டினாள். விரல்கள்கூட வைத்திருந்தாள்.

அந்தக் கடையில் பற்று வைத்திருந்த நானும் பெருநாள் காலையில் வாழ்த்துச் சொல்லப் போயிருந்தேன். உறவினர் சூழ ஊதுவத்தியோடு வந்த தவுக்கே, தேரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

பவுனம்மாள் முன்னால் ஓடிவந்தாள். "நாந்தான் ஒடச்சிட்டேன் தவுக்கே. வேலய விட்டு மட்டும் நிறுத்திடாதீங்க."

தவுக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காசுத் தேரைக்குப் பிறவியிலேயே மூன்று கால்தான் என்று மலாயும் கடைத் தமிழும் கலந்து விளக்கினார். அவள் வேலைக்கு ஒரு குறைவும் வராது என்றார்.

"மூணு காலா? பாவம், எப்படித் தாவும்?"

அது தாவி வெளியே போகக்கூடாது என்பதுதான் தம் வேண்டுதல் என்றார் தவுக்கே. கடையே சிரித்தது.

ஒட்டிய காலைப் பிடுங்க அவர் கை நீட்டினார். பவுனம்மாள் அந்தக் கையை விலக்கினாள். வெந்நீர் கொண்டுவந்து, பசையை இளக்கி, மெதுவாகத் தானே கழற்றினாள். பிறகு குனிந்து, கால் இருந்த இடத்தில் மெல்ல ஊதினாள்.