மச்சினன் பிடிக்கிற கயிறு

நான் வேலை பார்க்கும் இடத்தில் தினமும் காலை பதினொரு மணிக்குக் கலைக்கு ஸ்விட்ச் போட வேண்டும். ஆறு மணிக்கு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். திரைகள், விளக்குகள், தானாகச் சுற்றும் ஒரு சைக்கிள் சக்கரம் எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு, அதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ராட்டர்டாம் துறைமுகத்தின் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து நடத்தும் சின்ன கேலரி இது. அரசாங்கத்துடையதும் இல்லை, பணக்காரர் யாருடையதும் இல்லை. நான்கைந்து கலைஞர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். போன வருடம் ஒருவர் கைப்பிடி உப்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அதற்கு மேலே தனி விளக்கும் போட்டிருந்தார். எங்கள் தூத்துக்குடியில் ரோட்டோரம் அம்பாரமாய்க் குவிந்து கிடக்கிற உப்பு. வந்தவர்கள் அதன் முன்னால் கைகட்டி நின்று பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. சம்பளம் தருகிற இடத்தில் சிரிக்கக் கூடாது என்று பழகிவிட்டேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் கயிறு. பாரம் தூக்கவும் கட்டவும் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்று என்னை இங்கே கொண்டு வந்தது. கம்பெனியை மூடிய பிறகு, கூரையிலிருந்து கனமான பொருட்களைத் தொங்கவிட ஆள் தேடிய கேலரியில் ஒட்டிக்கொண்டேன். கயிறு எங்கே கற்றாய் என்று இவர்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் எங்கள் அத்தான் வள்ளத்தில், கடல் மேல் என்று சொல்லியிருப்பேன்.

அத்தான் பெயர் சூசை. என் அக்கா மெர்சியின் புருஷன், சங்கு குளிக்கிறவர். எங்கள் கரையில் முத்துக் குளித்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண் அசரமாட்டான். முத்து போய்ச் சங்கு வந்தது, மூச்சடக்கியது போய் காற்று அனுப்புகிற கம்ப்ரசரும் டியூபும் வந்தன, அப்போதும் இடுப்புக் கயிறு மச்சினன் கையில்தான். ஏழு வருடம் நான் பிடித்தேன். ஒரு இழுப்பு வந்தால் கயிறு விட வேண்டும். அடுத்தடுத்து மூன்று வந்தால் யோசிக்காமல் தூக்க வேண்டும். "மாப்ள, நீ மேல இருக்கேன்னா நான் கீழ தூங்கக்கூட செய்வேம்ல" என்று அத்தான் சொல்வார்.

நான் இங்கே வந்த நாலாவது மாதம் அவர் இறந்தார். கம்ப்ரசர் நின்றுபோயிருக்கிறது. கயிற்றைக் கூலிக்கு வந்த ஆள் ஒருவர் பிடித்திருந்தார். கயிறு அசைந்தது உண்மைதான், நீரோட்டம் என்று நினைத்தேன் என்று அவர் போலீஸில் சொன்னாராம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அத்தான் யார்? அடக்கத்தை நான் செல்போனில் பார்த்தேன். கல்லறைத் தோட்ட வாசலில் யாரோ போனை அக்காவிடம் நீட்டினார்கள். அவள் என் முகத்தைப் பார்த்து, "கயித்த விட்டுட்டுப் போனவன்ட்ட நான் என்னத்தப் பேச" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அதோடு சரி, மூன்று வருடங்கள். இப்போது மில்லர்புரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல் செய்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவேன். இரண்டு டிக்கும் நீலமாகும், பதில் வராது.

இந்த வசந்தத்தில் ஹன்னா என்கிற கலைஞர் வந்தார். நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடித் தொட்டி, அது நிறையத் தண்ணீர். தினமும் நாலு மணிக்கு அவர் அதற்குள் இறங்கி, ஒரு குழாய் வழியாக மூச்சு விட்டபடி இருபது நிமிடம் இருப்பார். இடுப்பில் கட்டிய கயிறு கூரையில் நான் மாட்டிய கப்பி வழியாக வெளியே வரும், பார்வையாளர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏணி மேல் பாதுகாப்புக்கு ஒரு பெண் நிற்பாள், ஆபத்து ஒன்றும் இல்லை. காட்சிக்கு முந்தின நாள் விளக்க வாசகத்தைச் சுவரில் எழுத்து எழுத்தாக ஒட்டும் வேலை எனக்கு. பாதி ஒட்டியபோதுதான் என்ன ஒட்டுகிறேன் என்று புரிந்தது. தென்னிந்தியாவின் முத்துக் கடற்கரையில் குளிப்பவரின் கயிற்றை அவர் மனைவியின் சகோதரரே பிடித்து வந்தனர் என்று இருந்தது. எங்கேயோ படித்திருக்கிறார். அடுத்து ஒட்டிய எழுத்து கோணலாகிவிட்டது.

ஹன்னாவிடம் போய், "இது என் ஊர்" என்றேன்.

"அற்புதம்! அப்படியானால் தொடக்க நாளில் நீங்கள்தான் பிடிக்க வேண்டும்."

"என்னால் முடியாது."

"கவலைப்படாதீர்கள், அனுபவம் எதுவும் தேவையில்லை."

"அனுபவம் இருக்கிறது" என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். என் இங்கிலீஷில் அதற்கு மேல் சொல்ல வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

சனிக்கிழமை நாலு மணி, கூடம் நிறைய ஆட்கள், கையில் ஒயின் கோப்பைகள். ஹன்னா எல்லோர் முன்னாலும் கயிற்றை என்னிடமே நீட்டினார், மறுக்க முடியவில்லை. கயிறு உள்ளங்கையில் வந்து உட்கார்ந்ததும் என் கால்கள் தாமாகவே வள்ளத்தில் நிற்பதுபோல் அகன்றுகொண்டன. ஒரு இழுப்பு வந்தது, ஒரு முழம் விட்டேன். பத்து நிமிடம் போயிருக்கும். அடுத்தடுத்து மூன்று இழுப்பு வந்தது.

தூக்கிவிட்டேன். நாலே பிடியில் ஹன்னாவின் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. வாய் தொட்டியின் விளிம்பில் அடித்து முன்பல் ஒன்று உடைந்தது. கண்ணாடி நெடுக ரத்தம் இறங்கியது. "அத்தான், மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தேனாம். அதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

வேலை போய்விடும் என்றுதான் இருந்தேன். போகவில்லை. மூன்றாம் நாள் உதடு வீங்கியபடி ஹன்னா வந்தார். கோபமே இல்லை. நீங்கள் நின்ற மாதிரி யாருமே நிற்கவில்லை, மீதி நாட்களும் நீங்களே பிடியுங்கள் என்றார். அன்றைக்கு மூன்று முறை இழுத்ததும் ஆபத்தினால் இல்லை, படைப்பில் ஒரு பகுதிதானாம். ஒரே ஒரு நிபந்தனை. "நான் இழுப்பேன். நீங்கள் எதுவும் செய்யாமல் நிற்க வேண்டும். உதவி வராது என்பதுதான் இந்தப் படைப்பு."

மறுத்திருக்கலாம். மறுத்தால் ஒயின் கோப்பையோடு வருகிற யாராவது பிடிப்பார்கள். அதற்கு மனம் இடம் கொடுக்கவில்லை, சரி என்றேன்.

அந்தச் சனிக்கிழமை யாரோ எடுத்த வீடியோவை அடுத்த ஞாயிறு அக்காவுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். நான் மறக்கவில்லை என்று அவளுக்குக் காட்ட நினைத்தேன் போல. மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பதில் வந்தது. மூன்று வருடத்தில் முதல் முறை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ஏலே, பாத்தேன். அந்தப் பிள்ள இழுத்த ஒடனே தூக்கிட்ட. நல்லாரு." குக்கரை இறக்கி வைக்கிற சத்தம். "உங்க அத்தான் அங்கன எத்தன தடவ இழுத்தாவளோ."

அவ்வளவுதான். தட்டை மூடி வைத்துவிட்டேன். பதில் இன்னும் அனுப்பவில்லை.

காட்சி முடிய இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. ஊரில் இருக்கிறவர்கள், வெளிநாட்டில் எனக்குக் கலைத்துறையில் வேலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம், சொல்லட்டும். தினமும் நாலு மணிக்கு நான் கூடத்தின் நடுவில் காலை அகட்டி நிற்கிறேன். கயிறு கையில் இருக்கிறது. முதல் இழுப்பு வருகிறது, இரண்டாவது வருகிறது. மூன்றாவதும் வருகிறது. தோள் எழும்புகிறது, பல்லைக் கடித்து அதைக் கீழே இறக்குகிறேன். ஒன்றும் செய்யாமல் நிற்கிறேன். அதற்குத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.