எண்ணூறு டீச்சர்

கோளரங்கத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தது டிக்கெட் கிழிக்க. வானத்தைப் பற்றி அப்போது அவளுக்கு இருந்த அக்கறையெல்லாம் துவைத்த துணி காயுமா காயாதா என்பதோடு சரி. ஒருநாள் வர்ணனை சொல்லும் மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். உள்ளே இருட்டில் இருநூறு பிள்ளைகள் கூச்சல் போட, புரொஜெக்டர் ஆபரேட்டர் வெளியே ஓடிவந்து அவள் கையில் ஒரு தாள்கட்டைத் திணித்தார்.

"படிக்கத் தெரியும்ல? தைரியமா படிம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

படித்தாள். அன்று பிடித்த மைக்கைப் பத்தொன்பது வருஷம் அவள் விடவில்லை. ஆபரேட்டரை அன்றிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவளுடைய டிபன் பாக்ஸில் பாதி அவருக்குப் போகும். வீட்டில் புருஷனோடு சண்டை என்றால் பஞ்சாயத்தும் அவரிடம்தான் போகும்.

எழுதிக் கொடுத்ததை ஒப்பித்துவிட்டுப் போகிற ரகமில்லை அவள். புரியாததைச் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசும். நூலகத்திலிருந்து புத்தகங்களைச் சுமந்துவந்து, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் வழியட்டும் என்று உட்கார்ந்து படித்தாள். ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்ட பிறகுதான் மைக்கில் சொல்வாள்.

காட்சியின் நடுவில் ஒரு நீலவெள்ளை ராட்சத நட்சத்திரம் வரும். பெயர் கிடையாது, பட்டியலில் ஒரு எண் மட்டும். அந்தப் பன்னிரண்டு நிமிஷம் அவளுடைய ராஜ்ஜியம்.

"சூரியன் பெரிசுன்னு நெனச்சுட்டிருக்கீங்களா? இவர் முன்னால அது சுண்டைக்காய்! சூரியனவிட எட்டு மடங்கு அகலம். சூரியன் மேல அஞ்சாயிரத்து ஐநூறு டிகிரி சூடுன்னா, இவர் மேல இருபத்திரெண்டாயிரம். அதான் நீலமா எரியறார். வெளிச்சம் பதிமூவாயிரம் சூரியனுக்குச் சமம். ஒன்றரை நாள்ல தன்னையே ஒரு சுத்து சுத்திடுவார். அந்த வேகத்துல இடுப்புப் பக்கம் பிதுங்கிடுச்சு, எங்க வீட்டுக்காரர் மாதிரி."

இங்கே சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பாள்.

"சூரியனுக்கு ஆயிரம் கோடி வருஷ ஆயுசு. இவரு அள்ளி அள்ளிச் செலவழிக்கிறவரு. ரெண்டு கோடி வருஷத்துல தீந்து, வெடிச்சிடுவார். சரி, எவ்வளவு தூரத்துல இருக்கார்?"

"எண்ணூறு ஒளியாண்டு!" என்று கூரை அதிரும். கடைவீதியில்கூட அவளைக் கண்டால் பிள்ளைகள் "எண்ணூறு டீச்சர்!" என்றுதான் கத்துவார்கள். ராணி மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டி இரண்டு காட்சிகள் ரத்தாயின. மறுவாரம் ஆபரேட்டர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து நின்றார்.

"உன் குரல்ல ஒண்ணு எடுத்து வச்சுக்கலாம்மா. உனக்கு முடியாத அன்னிக்கு ஒரு கைகாவலுக்கு ஆகும்."

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து பேசினாள். சிரிப்புக்கு இடைவெளி விட்டு, பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதிலும் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து மேலாளர் அவளை உள்ளே கூப்பிட்டு, இனி காட்சிகள் தானியங்கி முறையில் நடக்கும், இத்தனை வருஷ சேவைக்கு மிக்க நன்றி என்றார். ஆபரேட்டர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் கறிவேப்பிலையாக எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

"உன் குரலு தெனம் ஆபீஸ் போகுது, நீ ஜாலியா வீட்ல இருக்க. யாருக்குக் கெடைக்கும்?" என்று புருஷன் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் பள்ளியிலிருந்து வந்து முறைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு உங்க ஷோ பாத்தோம் ஆன்ட்டி. நான் கை தூக்கிட்டே இருந்தேன். நீங்க கண்டுக்கவே இல்ல. உங்களோட டூ."

அன்று சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளைகள் முன்னால் மறுபடி ஒரு தடவை நிற்கவேண்டும், அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

அதனால்தான், எட்டு மாதம் கழித்து ஆபரேட்டர் போன் செய்தபோது, ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு, பழைய சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். நட்சத்திரத்தைப் புதிதாக அளந்திருக்கிறார்கள், வர்ணனையில் கொஞ்சம் மாற்றவேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒலிப்பதிவு அறையில் அவள் முன் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார். 'அறுநூற்று நாற்பது ஒளியாண்டு.'

"இவ்வளவுதானாண்ணே?"

"இவ்வளவுதாம்மா. ஒரு நம்பர். அத மட்டும் வெட்டி ரெண்டு மணி ஷோவுக்கே ஒட்டிடுவோம்."

அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் தெரியும் விளக்கு நினைத்ததைவிடப் பக்கத்தில் இருக்கிறதென்றால், அது நினைத்ததைவிடச் சின்ன விளக்கு. பதிமூவாயிரம் சூரியன் எட்டாயிரத்துச் சொச்சமாகிவிடும். எட்டு மடங்கு அகலம் ஆறரைக்குக் கீழே இறங்கும். நிறம் மாறாததால் சூடு மட்டும் அப்படியே நிற்கும். சுற்றும் நேரம், ஆயுசு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கவேண்டும். ஒரு எண்ணை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் பொய். பன்னிரண்டு நிமிஷத்தையும் புதிதாகப் பேசியாகவேண்டும். இந்தக் கட்டடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சொன்னால் திரும்பக் கூப்பிடுவார்களோ என்று ஒரு நப்பாசை எழுந்தது.

சொல்ல வாயெடுத்தவள், என்ன தோன்றியதோ, வேறொன்றைக் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு என்னைப் பேச வச்சப்பவே ஒங்களுக்குத் தெரியுமா, என்னை அனுப்பப் போறாங்கன்னு?"

ஆபரேட்டர் கருவியின் குமிழைத் துடைத்தார். பிறகு, பெருமையாகச் சொல்வது போலவே சொன்னார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா, நீ அவ்வளவு நல்லா பேசியிருப்பியாம்மா?"

மேலாளர் செய்தது அவளுக்கு வலித்தது. இது குமட்டியது. கையிலிருந்து சாப்பாடு வாங்கித் தின்ற மனிதர், அவளுடைய நம்பிக்கைதான் குரலை இனிக்க வைக்கிறது என்று தெரிந்து, அது கெடாமல் பதமாக எடுத்திருக்கிறார். சொல்ல வந்த கணக்கை அவள் விழுங்கிக்கொண்டாள்.

மைக்கின் பக்கம் குனிந்து, "அறுநூற்று நாற்பது ஒளியாண்டு" என்றாள். ஒரே தடவையில் சரியாக வந்தது.

"பிரமாதம்! வேற எதாச்சும் மாத்தணுமாம்மா? நீ சொன்னா சரிதான்" என்றார் அவர்.

"வேணாம்ணே. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு."

பத்தொன்பது வருஷத்தில் அந்த நட்சத்திரத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. படியிறங்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வாசலில் இரண்டு மணிக் காட்சிக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு கையிலும் நோட்டும் பென்சிலும். அவர்களுடைய ஆசிரியை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ள பேசறவங்க சொல்ற நம்பர் ஒண்ணு விடாம எழுதிக்கணும். அவங்க தப்பே சொல்ல மாட்டாங்க, சரியா?"

"சரி டீச்சர்!"

அவள் நின்றாள். வரிசை நகர்ந்து, ஒவ்வொருவராக உள்ளே போய், கதவு சாத்தப்படும்வரை அங்கேயே நின்றாள். உள்ளேயிருந்து அவளுடைய குரல் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்வது கேட்டது.