ஒன்றும் நடக்காத குப்பிகள்

செடெனாக் பக்கத்துத் தொழிற்பேட்டையில், மருந்து ஆராய்ச்சி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் கண்ணாடிக் குப்பிகள் கழுவுகிறேன். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்துவிட்டது. கையுறைத் தொழிற்சாலையில் பல வருஷம் கால் கடுக்க நின்ற பிறகு இங்கே வந்தேன். குப்பிகள் பேசுவதில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. நான்கு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு வாய் வராது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை, வேதியியலில் பெரிய பட்டம் வாங்கிய பெண். பாலோ என்ற ஊர்க்காரர். என்னை அக்கா என்பார். அவர் செய்கிற மருந்தைப் பற்றி நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். கண்ணுக்குள் அழற்சி வந்தால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சொட்டு மருந்தென்றால் நாள் முழுக்க விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மருந்தைப் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றில் அடைத்துக் கண்ணுக்குள் வைப்பதும் உண்டு. மருந்து தீர்ந்த பிறகும் சிலவற்றில் அந்தக் கூடு உள்ளேயே கிடக்கும். டாக்டர் அந்தக் கூடே வேண்டாம் என்றார். ஸ்டீராய்டு மூலக்கூறுகளை இரண்டிரண்டாக முடிச்சுப் போட்டு, சூடாக்கி, பாகு பதத்தில் இழுத்தால் கண்ணாடி போல் ஒரு இழை வரும். அந்த இழை முழுக்க மருந்துதான். வெளிப்புறத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் போய்விட வேண்டும்.

இழையை நறுக்கி, உடம்புச் சூட்டில் வைத்த குப்பிகளில் போட்டிருந்தார். அவ்வப்போது உள்ளே இருக்கும் நீரை எடுத்துச் சோதித்துவிட்டு, புது நீர் ஊற்றுவார். மாதக்கணக்கில் இதே வேலை. இது நடுவில் கெடாமல் கடைசி வரை ஓடினால்தான் எங்கள் கூடத்துக்கு மேற்கொண்டு பணம் வரும். கெட்டால் டாக்டர் வேறு வேலை தேட வேண்டும், நான் மறுபடியும் கையுறைக்குப் போக வேண்டும்.

எங்கள் மேனேஜருக்கு இந்தக் குப்பிகளைக் கண்டாலே பிடிக்காது. அவர் எதையும் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்புகிற மனிதர். புது துடைப்பம் வாங்கினால்கூடப் படம் வரும். இந்தக் குப்பிகளில் மட்டும் நேற்று எடுத்த படத்துக்கும் இன்று எடுத்த படத்துக்கும் வித்தியாசமே இல்லை.

பணம் தரும் குழுவின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர், நேரில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. மேனேஜர் சுவருக்குச் சாயம் அடித்தார். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பூப்போட்ட பாத்தேக் சட்டை எடுத்தார். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும், சிவப்புச் சிராப் தண்ணீரும் சொல்லி வைத்தார். பிறகு குப்பிகளின் முன்னால் வந்து நின்றார்.

“என்ன டாக்டர் இது, ஒண்ணுமே நடக்கலையே?”

“நடக்குது சார். மெதுவா நடக்குது.”

“டத்தோ பத்து நிமிஷம்தான் நிப்பாரு லா. பத்து நிமிஷத்துல இது என்ன பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது சார். அதுதான் இதோட கெட்டிக்காரத்தனம்.”

“சூட்டைக் கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்.”

“ஏத்துனா டெஸ்ட்டு போச்சு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, உங்க வீட்டுல சாமிக்கு வெக்கிற கற்கண்டு இருக்கும்ல?”

“நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார்.”

“அலமாக். சரி, கடையில வாங்கிட்டு வாங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு.”

கற்கண்டைச் சிராப்பில் ஊறவைத்து, டத்தோ எதிரே வெந்நீரில் போடுவது அவருடைய திட்டம். சிவப்பாகக் கரைந்து இறங்குமாம், பார்க்க அழகாக இருக்குமாம்.

“சர்க்கரையைக் காட்டி மருந்துன்னு சொல்லப் போறீங்களா சார்?” என்று டாக்டர் கேட்டார்.

“நான் எங்க மருந்துன்னு சொன்னேன்? டெமோன்னு சொல்வேன். டத்தோ என்ன நெனைச்சுக்கிறாருங்கிறது அவரு இஷ்டம்.”

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அக்கா, நீங்க குப்பிங்களுக்கு முன்னால நின்னுக்குங்க. யாரும் எடுக்காமப் பார்த்துக்குங்க. ஒரு இழை ஒடிஞ்சாலும் கரையுற வேகம் மாறிடும்.” கூடத்தில் இருப்பவர்களிலேயே வாய் இல்லாத ஆளைத்தான் காவலுக்குப் போட்டார். மற்ற எல்லாரும் டத்தோவோடு படத்தில் நிற்க வேண்டியிருந்தது.

டத்தோ வந்தார். கற்கண்டு சிவப்பாகக் கரைய ஆரம்பித்தது. எல்லாரும் கை தட்டினார்கள், சர்க்கரை தண்ணீரில் கரையும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தது போல. டத்தோவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இது நல்லா இருக்கு, வேகமா இருக்கு, இதையே செய்யுங்க,” என்று மலாயில் சொன்னார். மெதுவாகக் கரையும் மருந்துக்குப் பணம் தர வந்தவர் அவர். மேனேஜர் தலையைத் தலையை ஆட்டினார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

அதோடு போயிருக்கலாம். டத்தோ நேராக என் பக்கம் நடந்து வந்தார். உண்மையான குப்பியில் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ள ஆசை. மேனேஜர் கைப்பேசியைத் தூக்கித் தயாராக நின்றார். டத்தோவின் கை நீண்டது. இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுவிட்டேன்.

“ஜாஙான், டத்தோ.” தொடாதீர்கள் என்றுதான் சொன்னேன். அத்தனை அமைதியில் அது கத்தினது மாதிரி கேட்டது.

ஏன் என்று கேட்டார்.

“தெஙா கெர்ஜா, டத்தோ.” அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்றேன். வேறு மலாய்ச் சொல் எதுவும் எனக்கு அப்போது வரவில்லை.

டத்தோ குனிந்து குப்பியைப் பார்த்தார். அசைவே இல்லாத தண்ணீர். அதில் அசைவே இல்லாத ஒரு துரும்பு.

“என் ஆபீசுலயும் நெறைய பேரு இப்படித்தான் வேலை செய்யிறாங்க,” என்றார்.

கூடமே சிரித்தது. எல்லாரும் நிறுத்திய பிறகும் மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார். டத்தோ நாசி லெமாக்கைத் தேடிப் போனார். குப்பிகள் தப்பித்தன.

அதன் பிறகும் பல வாரம் சோதனை ஓடியது. ஒரு காலை மேனேஜர் குப்பிகளை எட்டிப் பார்த்துவிட்டு அலறினார். “உள்ள ஒண்ணுமே இல்ல! ஏம்மா, கழுவித் தொலைச்சிட்டீங்களா?”

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“அக்கா தொடல சார். கரைஞ்சு முடிஞ்சிருச்சு. கடைசி வரைக்கும் ஒரே சீரா. ஒண்ணும் மிஞ்சலன்னா நாம ஜெயிச்சிட்டோம்னு அர்த்தம்.”

மேனேஜர் காலிக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “அப்ப டத்தோவுக்கு எதைப் படம் எடுத்து அனுப்புறது?”

எதை அனுப்பினாரோ, பணம் வந்துவிட்டது. கூடவே வாசல் சுவரில் ஒரு பெரிய படமும் ஏறியது. முன்னால் சிவப்பாகக் கரையும் கற்கண்டு, பளபளவென்று. பின்னால் மங்கலாக, பேருந்தை மறிக்கிறவள் போல் கையை விரித்துக்கொண்டு நான். கீழே ‘எங்கள் கண்டுபிடிப்பு’ என்று எழுதியிருக்கிறது. தினமும் காலையில் அதைக் குனிந்த தலையோடு தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

டாக்டர் புது இழைகளைப் போட்டிருக்கிறார். இன்று காலையும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.