கிரேனை நம்பிப் போட்ட கூடுகள்

நான் எமிரேட்ஸில் மீன்பிடித்த வருடங்களில், எங்கள் படகில் கடலைப் பற்றிப் பேசியதைவிடக் கட்டடங்களைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். எந்தக் கட்டடம் எத்தனை மாடி ஏறியிருக்கிறது, எது எதை மறைக்கிறது, எங்கே புதிதாகக் கிரேன் ஏறியிருக்கிறது என்று மேஸ்திரிக்கே தெரியாத விவரமெல்லாம் எங்களுக்குத் தெரியும். மீன்காரனுக்கு மாடிக் கணக்கு எதற்கு என்று எங்கள் ரூமில் இருந்த எலெக்ட்ரீஷியன் கேலி செய்வான். அவனுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

பொறுமையெல்லாம் அத்தானிடம்தான். என் அக்காவின் கணவர். அவர்தான் விசா எடுத்து என்னை அழைத்துக்கொண்டார். கன்னியாகுமரிக் கரையிலிருந்து எனக்கு முன்பே போய், எமிரேட்ஸின் வடக்கு ஓரத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தில் அர்பாபின் ஃபைபர் படகை ஓட்டிக்கொண்டிருந்தார். அர்பாப் என்றால் முதலாளி. எங்கள் விசாவுக்குப் பொறுப்பாளியான கஃபீலும் அவரே. படகும் விசாவும் அவருடையவை, உழைப்பு எங்களுடையது. படகில் அத்தானும் நானும் மட்டும்தான்.

நாங்கள் பிடித்தது ஹமூர். ஊரில் கலவா என்போமே, அந்த இனம். பாறை இடுக்கில் குடியிருக்கும், வீட்டை விட்டு நகராத மீன். அதற்கு வலை சரிப்படாது, கூடுதான். கம்பியில் பின்னிய பெரிய கவிழ்த்த கூடை மாதிரி இருக்கும்; வாய் உள்ளே போகப் போகக் குறுகும். காய்ந்த குப்பூஸ் ரொட்டியும் மத்தியும் உள்ளே வைத்துப் பாரின் மேல் இறக்கிவிட்டு வந்தால், மீன் தானே நுழைந்துவிடும். வெளியே வர வழி தெரியாது. பார் என்பது கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டு. எங்கள் பார் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைவிடப் பெரிதாக இருக்காது. சுற்றிலும் வெறும் மணல்.

நடுக்கடலில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் தெரியும் இரண்டு பொருள்களை ஒன்றின் பின் ஒன்றாக வரும்படி படகை நிறுத்தினால் ஒரு கோடு கிடைக்கும். வேறு இரண்டு பொருள்களில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். எங்கள் ஊரில் இதைக் கணிச்சம் என்பார்கள். அத்தானின் முதல் கோடு பள்ளிவாசல் மினாரும் அதற்குப் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியும். இரண்டாவது, பழைய கோட்டையின் கோபுரமும் தூரத்து மலையில் ஒரு பிளவும். இரண்டும் சேர்ந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, "கீழ வீடு இருக்கு" என்பார். கொக்கியை இறக்கினால் கூட்டில் மாட்டும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

படகில் ஜிபிஎஸ் இருந்தது, இல்லாமல் இல்லை. அர்பாப் வாங்கிக் கொடுத்ததுதான். ஆனால் ஹமூர் குறையக் குறைய ஆட்களின் குணமும் கெட்டுவிட்டது. பெரிய படகுக்காரர்கள் கூடுகளைக் கடல் கொள்ளாத அளவுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் தூண்டிலும் குளிர்பானமுமாகப் பொழுதுபோக்குக்காரர்கள் வேறு. நாங்கள் மட்டும் யோக்கியமா? முன்பு தூக்க மூச்சுத் திணறும் ஹமூர் வந்த கூட்டில் இப்போது உள்ளங்கை அகலக் குஞ்சு வந்தது. அதையும் ஐஸ் பெட்டியில்தான் போட்டோம். விட்டால் அடுத்த படகுக்காரன் எடுப்பான் என்று ஒரு சமாதானம். இந்த நிலைமையில், துறையில் கட்டிய படகில் ஏறி ஜிபிஎஸ்ஸில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போக ஆட்கள் கிளம்பினார்கள். எங்கள் கூடுகளை யாரோ இரண்டு தடவை காலி செய்தபிறகு, அத்தான் எல்லாப் புள்ளிகளையும் அழித்தார். மேலே மிதவை கட்டுவதையும் நிறுத்தினார்.

"மெஷினுக்குள்ள இருந்தா எவனும் எடுப்பான். எனக்க மண்டைக்குள்ள இருக்கத எடுக்கட்டு, பாப்பம்" என்றார்.

அவர் மண்டைக்குள் யாரும் கை வைக்கவில்லை. கரையில் கை வைத்தார்கள்.

கடற்கரை ஓரமாக ஹோட்டல்களும் வில்லாக்களும் எழுந்தன. நிலம் போதாமல் கடலுக்குள்ளேயே மண் கொட்டி நிலம் செய்தார்கள். ஒரு கப்பல் கடலடி மணலை உறிஞ்சி வானவில் மாதிரி பீய்ச்சும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதன் பிறகு தண்ணீர் நாள்கணக்கில் கழுநீர் நிறத்தில் கிடக்கும். கூட்டைத் தூக்கினால் கம்பியெல்லாம் சேறு. மீனுக்கு அந்தச் சேற்றில் எப்படி மூச்சு வருமோ என்று நினைத்துக்கொள்வேன். அத்தான் கூட்டைக் கடல்நீரில் அலசுவார்.

பிறகு ஒரு லீவு முடிந்து நான் திரும்பியபோது தண்ணீர்த் தொட்டியைக் காணவில்லை. அதற்கு முன்னால் ஒரு கட்டடம் எழுந்து நின்றது. மினார் இருக்கிறது, பின்னால் சேர்த்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அத்தான் அதற்குள் மாற்று ஏற்பாடு செய்திருந்தார். அந்தக் கட்டடத்தின் மேலே நின்ற மஞ்சள் கிரேனின் நடுத்தண்டை மினாருக்கு நேராகப் பிடித்தால், பழைய கோடு அச்சு அசலாக வந்தது.

"கிரேன் நகராதா அத்தான்?"

"ஆட்டுகது கைய மட்டுந்தான். கால நட்டுல்லா வச்சிருக்கான். கெட்டடம் முடிய வருசக்கணக்காவும்."

ஊரில் கோயில் கோபுரத்தையும் மலையையும் பார்த்துப் பழகிய கண். தரையில் ஊன்றி நிற்கிற எதுவும் நாம் இருக்கும்வரை நிற்கும் என்று நம்புகிற கண். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கட்டட வேலைக்கு வந்த எவனும் ஒரு கிரேனை அப்படி நம்பியிருக்க மாட்டான்.

எங்களிடம் இருந்த கூடுகள் அத்தனையையும் அந்தப் பாரில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். அன்று மாலையே ஷமால் பிடித்துக்கொண்டது. வடமேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஒரு வாரத்துக்கு மேல் யாரையும் கடலுக்கு விடவில்லை. ஓய்ந்ததும் போனோம். கிரேன் இருந்தது, மினார் இருந்தது. மலை மட்டும் தூசியில் தெரியவில்லை. ஒரு கோடு சரியாக இருக்கிறதே, மற்றதைக் குத்துமதிப்பாகப் பிடிக்கலாம் என்றார் அத்தான். கொக்கியை இறக்கினோம், மணல்தான் வந்தது. நகர்த்தி இறக்கினோம், அப்போதும் மணல். வெயில் உச்சிக்கு வரும்வரை மணலையே வாரிக்கொண்டிருந்தோம். அத்தானின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

ரூமுக்கு வந்து சொன்னபோது, எலெக்ட்ரீஷியன் பருப்பைக் கிளறிக்கொண்டே கேட்டான். "அந்த மஞ்சக் கிரேனா? அதைக் காத்து கொஞ்சம் தணிஞ்சப்பவே கழட்டிப் பக்கத்து சைட்டுல நிறுத்திட்டாங்களேண்ணே. அங்கதான எனக்கு டூட்டி."

அன்றைக்கு அவன்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமே இல்லாதது. கரையில் ஒரு வாசல் அகலம் பிசகினால் அங்கே கடலில் ஒரு தெருவே பிசகும். இது பக்கத்து சைட்.

அர்பாப் நல்ல மனிதர்தான், கத்தவில்லை. அவருக்கும் மீன் வருமானம் குறைந்துகொண்டே போனது. படகை உல்லாசச் சவாரிக்குக் கேட்டு ஹோட்டல்காரர்கள் நடையாய் நடந்தார்கள். "கர்கூர் மாஃபி, மீன் மாஃபி" என்று கையை விரித்தார். கூடும் இல்லை, மீனும் இல்லை. ஈத் பெருநாள் வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் கூடுகள் கிடைத்தால் தொழில் தொடரும், இல்லாவிட்டால் படகு கைமாறும், நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அத்தான் தலையை ஆட்டினார்.

தினமும் தேடினோம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. மலை தெளிந்த ஒன்றிரண்டு நாள்களில் அந்தக் கோட்டின் மேலேயே மேலும் கீழும் போனோம். அதற்குள் மினாருக்கு முன்னாலும் சாரம் ஏறியிருந்தது. புதிதாகக் கொட்டிய மண் கரையையே முன்னுக்குத் தள்ளியிருந்தது. நான் வாய்விட்டுத் திட்டினேன், கட்டுகிறவனை, திருடுகிறவனை, காற்றை. அத்தானையும் ஒருநாள் கேட்டுவிட்டேன், அந்த மெஷினை அழிக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று. அவர் கொக்கிக் கயிற்றைச் சுருட்டினார்.

கடைசியில் ஒருநாள் கொக்கி மாட்டியது. இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து இழுத்தோம். மேலே வந்தது எங்கள் கூடு இல்லை. பாசி படிந்த, யாரோ எப்போதோ தொலைத்த கூடு. உள்ளே அடியில் முள்ளும் செதிலும் சேறாகக் கிடந்தன. அதன் நடுவே ஒரு ஹமூர் உயிரோடு இருந்தது. தலை மட்டும் பெரிது, உடம்பு வற்றிப்போயிருந்தது. கம்பியில் முட்டி முட்டி மூக்கு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. உள்ளே வந்ததையெல்லாம் அது தின்றிருக்கிறது, பிறகு வந்தவை செத்திருக்கின்றன, அதை மோப்பம் பிடித்து இன்னும் வந்திருக்கின்றன. தூக்க ஆளில்லாத கூடு தன்பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"நம்மளதும் இப்பிடித்தான் மக்கா கெடக்கும்" என்றார் அத்தான். கூட்டை வெட்டி மீனைக் கடலில் விட்டார். அது பக்கவாட்டில் சாய்ந்தபடியே மிதந்துபோனது. ஒரு கடற்காகம் இறங்கி வருவதைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெருநாள் வந்தது, படகு கைமாறியது. நான் விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய், பிறகு குவைத்துக்கு வந்து ஃபஹாஹீல் மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டும் வேலையில் சேர்ந்தேன். வருகிற ஹமூரில் பாதி வேறு நாட்டிலிருந்து ஐஸில் வரும். அத்தானுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. மண் கொட்டும் கம்பெனிக்குக் கடல் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ஆள்களையும் சாமான்களையும் கொண்டுபோகும் படகை அவரிடம் கொடுத்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஏசி கேம்ப், லீவு. அக்கா சந்தோஷமாக இருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அத்தான் போன் செய்வார். ஒரு வெள்ளிக்கிழமை நலம் விசாரித்து முடித்ததும் சொன்னார்.

"நம்ம பாரு கெடச்சிட்டு மக்கா."

எனக்குக் கத்தியைக் கீழே வைக்கத் தோன்றியது. எங்கே, எப்படி என்று கேட்டேன்.

"மழ பெய்ஞ்சு மல நல்லா தெளிஞ்சு கெடந்து. கோட்டையும் பிளவும் சேந்து நிக்கு. நான் நிக்க எடத்துல சர்வேகாரனுக்க படத்துல பாறன்னு போட்டிருக்கு. அந்தக் கடல்ல வேற எங்க இருக்கு பாற?"

"அப்ப நம்ம கூடு?"

"அடியில கெடக்கும். நேத்து மண்ணடிக்கத் தொடங்கியாச்சு."

அவர்களிடம் சொல்லியிருக்கலாமே, ஒருநாள் பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்றேன். கூட்டுக்குள் இன்னும் மீன் இருக்குமே என்று கத்தினேன். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருட்ட சொல்ல?" என்றார் அத்தான். "அந்த எடத்துல மண்ணு கப்பலுக்கு மெதவ போட்டுக் குடுத்ததே நான்தான் மக்கா."