இல்லை என்று சொன்னவர்

அக்காவின் ஆண்டுத் திவச மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எனக்கு அழகாக எழுத வராது. நான் லொறி ஓட்டிப் பிழைத்தவன். அழகான எழுத்து வேண்டுபவர்கள் மருமகள் எழுதிய பக்கங்களைப் படியுங்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பனிச்சங்கேணியில். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு தோணியும் இருந்தன. வீட்டில் அக்கா மூத்தவர், நான் கடைசி. இடையில் பிறந்தவை தங்கவில்லை.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் சூடடிக்கும் களத்தில் நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள். முடிந்தது, குறைந்தது, இல்லை என்ற சொற்களை அங்கே வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் பூதம் கேட்டுவிடும், விளைச்சல் போய்விடும். களத்துப் பழக்கம் அடுப்படிக்கும் வந்துவிட்டது. பானையில் அரிசி தீர்ந்தால் அம்மா “அரிசி நிறைஞ்சிரிக்கு” என்பார். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். சின்ன வயதில் அக்கா ஒருமுறை “அரிசி இல்ல” என்று கத்தி, அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கினார். அதன் பிறகு வீட்டுக்குள் அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கலியாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். வாவியில் தோணி விட்டு மீன்பிடித்த அத்தான் என்னிடம் கேலியாகச் சொல்வார். “உங்கட அக்காட்டக் காசு கேட்டா நிறைஞ்சிரிக்கு எண்டுறா மச்சான். சிரிக்கிறதா அழுகிறதா எண்டு எனக்கு இன்னும் விளங்கல்ல.”

“விளங்காட்டி வாவிக்குப் போய் மீனுகளக் கேளுங்க” என்பார் அக்கா.

யுத்தம் எங்கள் ஊரையும் எழுப்பியது. ஷெல்லுக்குப் பயந்து ஓடி, வாழைச்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமாக இருந்தோம். சேலைகளைக் கட்டி வகுப்பறைகளைப் பிரித்துக்கொண்டு குடும்பம் நடத்தினோம். நிவாரணம் பார்க்க ஓர் அதிகாரி வருவார். தமிழ்ப் பிள்ளைதான், ஆனால் வேறு மாவட்டம். மரியாதையானவர். அவரோடு காவலுக்கு இராணுவம் வரும். ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. ஆகவே அவர் வரும்போது நாங்கள் பின்பக்கத்து அறைக்குள் இருப்போம். கதைப்பது பெண்கள்தான்.

“அரிசி, மா எல்லாம் இருக்கா அம்மா?” என்று அவர் கேட்டார்.

எங்கள் குடியில் அப்போது மூத்தவர் சின்னம்மா, அம்மாவின் தங்கை. “எல்லாம் நிறைஞ்சிரிக்கு மகன்” என்றார். மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள்.

“நல்ல சந்தோஷம்” என்றார் அதிகாரி. எங்களுக்கு வர இருந்த லொறி வேறு முகாமுக்குப் போனது.

சிரிப்பு வருகிறதா? எங்களுக்கு வரவில்லை. பிள்ளைகள் வெறும் தேயிலைத் தண்ணீரைக் குடித்தார்கள். எங்களுக்கு அடுத்த அறையில் ஒரு குழந்தை அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. நான் கோபத்தில் சுவரில் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்கா சின்னம்மாவிடம் போனார்.

“இல்லையெண்டு சொல்லுங்க சின்னம்மா. அவருக்கு நம்மட பேச்சு விளங்கல்ல.”

“விளங்காதவனுக்கு என்னத்துக்குகா உத்தியோகம்? இருக்கிற உசிருகளும் போறதுக்கு நான் அந்தச் சொல்லச் சொல்லுறதா?”

“அப்ப நான் சொல்லுறன்.”

“சொல்லு. சொன்ன வாய்க்குத்தான் அது வரும். தெரியும்தானே?”

“தெரியும்” என்றார் அக்கா.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மூடநம்பிக்கையை உடைத்த வீரப்பெண் என்று செத்த வீட்டில் ஒருவர் அக்காவைப் புகழ்ந்து பேசினார். அது பொய். அக்கா எதையும் உடைக்கவில்லை. அந்தச் சொல் சொன்னவரைத் தேடி வரும் என்று சின்னம்மா எவ்வளவு நம்பினாரோ, அவ்வளவு அவரும் நம்பினார். நம்பிக்கொண்டுதான் சொன்னார்.

அதிகாரி மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டார். நான் யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முன்னுக்கு வந்தார்.

“இல்ல. அரிசி இல்ல. மா இல்ல. பால்மா இல்ல. ஒண்டுமே இல்ல.”

பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அப்பால் போனாள். அக்கா வாவிப் பக்கம் திரும்பி, உரத்த குரலில் சொன்னார்: “சொன்னது நான்தான். கேட்டது ஆரெண்டாலும் என்னட்ட வாங்க. புள்ளையளிட்டப் போகாதீங்க.”

பூதத்துக்குச் சொன்னதை அதிகாரி தனக்குச் சொன்னதாக நினைத்தார். “சரி அம்மா, உங்களிடமே கொண்டுவந்து தருகிறோம்” என்றார்.

லொறி வந்தது. அடுப்புகள் எரிந்தன. அந்தக் குழந்தை மறுபடி அழத் தொடங்கியது. சின்னம்மாவும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டார். ஆனால் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

மாரி தொடங்குமுன் அத்தான் வாவிக்குப் போனார். தோணி கரையில் கிடந்தது, அவர் வரவில்லை. துப்பாக்கியோடு வந்த துவக்குக்காரர் கொண்டுபோனதைக் கண்டவர்கள் இருந்தார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று நான் எழுதவில்லை. எழுதினால் உங்களில் பாதிப்பேர் இந்த மலரைக் கிழிப்பீர்கள். முகாமில் பெண்கள் துவக்கைப் பற்றிக் கதைக்கவில்லை. “சொன்ன வாய்க்கு வந்திட்டுது” என்றார்கள். அக்காவின் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார்கள்.

வேறு யாராவது என்றால் அதோடு வாயைக் கட்டியிருப்பார்கள். அக்கா கட்டவில்லை. புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் உதவிப் பணம் கேட்டு அரசாங்கக் கந்தோரில் போய் நிற்பார்கள். “கணவர் இருக்கிறாரா?” என்று கேட்டால் “வெளியால போயிரிக்கார்” என்பார்கள். உதவி கிடைக்காமல் திரும்பி வருவார்கள். அக்கா அவர்களோடு போய்ப் பக்கத்தில் இருந்து, “அவர் இல்லை ஐயா” என்று சொல்வார். ஊர் வாயில் எடுக்கப் பயந்த சொல்லைச் சொல்வதே அவருடைய தொழிலாகிவிட்டது. பின்னாளில் ஒரு பெண்கள் சங்கம் அதற்குச் சம்பளமும் கொடுத்தது. வேலையால் வந்தால், மஞ்சள் தண்ணீரில் வாய் கொப்பளித்த பிறகுதான் அடுப்படிக்குள் கால் வைப்பார். திட்டின பெண்களும் அவரைத்தான் கூட்டிப் போனார்கள். சின்னம்மா படுக்கையில் விழுந்தபோது ஊட்டிவிட்டதும் அக்காதான். கடைசிவரை சின்னம்மா பேசவில்லை. ஊட்டும்போது வாயை மட்டும் திறந்தார்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கத்தினேன். “அத்தானைக் கொண்டுபோனது மனிசன், அக்கா. உங்கட சொல்லு இல்ல. என்னத்துக்கு இன்னும் அதக் கட்டிக்கொண்டு இரிக்கிறீங்க?”

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். “தம்பி, துவக்குக்காரன் கொண்டு போனான் எண்டா உன்ட அத்தான் சும்மா செத்தார். என்ட சொல்லுக்குப் போனார் எண்டா, அந்தப் புள்ளையளுக்காகப் போனார். எனக்கு எது வேணும் எண்டு நீ சொல்லாத.”

நான் கிணற்றடிக்குப் போய், மீன் கழுவத் தண்ணீர் அள்ளி வந்தேன்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், இரவிரவாக மாறி மாறிக் கூட இருந்த, மகன் மகள் முறையான பெறாமக்களுக்கும், மழைக்குள் பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், ஓட்டமாவடியிலிருந்து அரிசி மூடையோடு வந்து கடைசிவரை நின்ற முஸ்லிம் காக்காமாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் சவப்பெட்டியைத் தூக்கிய பொடியன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இன்று நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். உங்களில் பலர் அந்தப் பள்ளிக்கூடத்தில் தேயிலைத் தண்ணீர் குடித்துக் கிடந்தவர்கள். யாரைத் தூக்கினீர்கள் என்று உங்கள் தாய்மார் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே நான் எழுதிவிட்டேன்.