திருப்பிக் கேட்ட வரவேற்பு

மல்லாபூர் தொழிற்பேட்டையில், பெயின்ட் டப்பா செய்யும் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். அதில் லோயிஸுக்கு ஒன்பது வருட வேலை. வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கப் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்பெனிகள் கொடுக்கும் வரவேற்புப் பரிசுப் பெட்டியைக் கட்டி அனுப்புவதுதான் இப்போது அந்த வேலை. ஒரு டீ-ஷர்ட், ஒரு காபி கோப்பை, நோட்டு, ஹெட்போன், கீபோர்டு, நாலு சாக்லேட், மேலே ஒரு வாழ்த்து அட்டை. ஆபீஸ் வாசலையே மிதிக்காமல் வேலைக்குச் சேருகிறவனுக்கு, அப்படி ஒரு கம்பெனி நிஜமாகவே இருக்கிறது என்று நம்பக் கையில் தொட ஏதாவது வேண்டும் அல்லவா? அதற்குத்தான் இத்தனை ஜோடனையும்.

லோயிஸ் பிறந்தது மௌலா அலியில். நாசரேத் பக்கத்திலிருந்து தெலுங்குச் சீமைக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. வீட்டுப் பேச்சு இன்றும் திருநெல்வேலித் தமிழ்தான், நடுநடுவே அந்த ஊர் இந்தியின் ஹவ்வும் நக்கோவும், அதாவது ஆமாமும் வேண்டாமும், விழும். மகள் பிளெசி எல்லாவற்றையும் புரிந்துகொண்டு இந்தியில் பதில் சொல்வாள். நாற்பத்தேழு வயதுக்குள் லோயிஸ் போட்டோ ஸ்டூடியோவில் இருந்தாள், பள்ளிக்கூட ஆபீஸில் இருந்தாள், ஒரு கண் டாக்டரிடம் டோக்கன் கொடுத்தாள். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் நாலும் பேசவும் வரும், முத்து முத்தாக எழுதவும் வரும். முதலில் இதே ஷெட்டில் அச்சகம் நடத்திய கோவிந்தராஜன் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவளை வேலைக்கு எடுத்தார். அவர் காலமானபின் மகன் சரத் அச்சகத்தை மூடிவிட்டு இந்தப் பெட்டி வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டான்.

வாழ்த்து அட்டையில் பெயர் எழுதுவது லோயிஸின் வேலை. அவரவர் தாய்மொழியில், கையால். அதை அவள் எந்திரம் மாதிரிச் செய்வதில்லை. பெட்டி கட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுவாள். பெயரை எப்படி எழுத வேண்டும், சட்டை என்ன அளவு, கூரியர் வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று மூன்றே கேள்விதான். ஆனால் புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருப்பவர்கள் மூன்று பதிலோடு நிறுத்துவார்களா? அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கைக்கு வரன், பழைய மேனேஜரின் கொடுமை, எல்லாம் வந்து கொட்டும். லோயிஸ் பொறுமையாகக் கேட்பாள். ஷெட்டில் கூட வேலை பார்க்கும் பானு, "அக்கா, நீங்க பெட்டி கட்டுதீங்களா, பாவமன்னிப்பு குடுக்கீங்களா?" என்று அவளைப் போலவே பேசிக் காட்டிக் கேலி செய்வாள்.

போன பிப்ரவரியில் கச்சிபௌலியில் பதினாறு மாடி வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு முப்பத்தொரு பெட்டி போனது. அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டி பத்து நாள் முன்பே வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் பிரிக்கக் கூடாது. சேரும் நாளில் எல்லோரும் கேமரா முன் உட்கார்ந்து ஒன்றாகப் பிரிப்பார்கள், அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். அதற்காக மூடிமேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அட்டையில் "எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு" என்று அச்சடித்திருக்கும்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்து நாலாம் நாள், புதன்கிழமை காலை, சரத் லோயிஸைக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்த முப்பத்தொண்ணையும் திரும்ப வாங்கணும். கூரியருக்குச் சொல்லியாச்சு. நீங்க எல்லாருக்கும் போன் பண்ணி, தப்பான பெட்டி வந்துடுச்சு, மாத்தித் தர்றோம்னு சொல்லிடுங்க."

"தப்பான பெட்டியா? ஒவ்வொண்ணையும் நான்லா பாத்து அனுப்புனேன்?"

"அப்படிச் சொல்லச் சொல்றாங்க. ஆதர்ஷ் மெயில் உங்களுக்கும் போட்டிருக்காரு பாருங்க."

ஆதர்ஷ் அந்தக் கம்பெனியின் மனிதவளப் பிரிவுக்காரன். பிரிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மக்கள் மகிழ்ச்சி'. அந்த மகிழ்ச்சிக்காரன் அவசரத்தில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பழைய மெயில்களையும் சேர்த்தே அனுப்பிவிட்டான். லோயிஸ் கீழே இறக்கி இறக்கிப் படித்தாள். முப்பத்தொரு பேருக்கும் வேலை இல்லை என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமைதான் அவர்களிடம் சொல்லப்போகிறார்கள். ஏன் திங்கட்கிழமை? முதலில் சொல்லிவிட்டால் பெட்டியைத் திருப்பித் தர மாட்டார்களாம். ஹெட்போனும் கீபோர்டும் புனே கிளையில் சேரும் ஆட்களுக்கு ஆகுமாம்.

லோயிஸுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஒரு கீபோர்டுக்காக ஐந்து நாள் மறைக்கிறார்கள்! அந்த ஐந்து நாளில் எத்தனை பேர் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள் என்று பதினாறு மாடியில் ஒருத்தனுக்குக்கூடத் தோன்றவில்லையா? அல்லது தோன்றியும்தான் இப்படியா?

"சார், இதைக் கீழ வரைக்கும் படிச்சீங்களா?"

"படிச்சேன்கா. நமக்கு எதுக்கு அது? அவங்க ஆளு, அவங்க பெட்டி. வருஷத்துல பாதி ஆர்டர் அவங்களோடதுதான்." சரத் தலையை நிமிர்த்தவே இல்லை.

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பேசாமல் வந்து உட்கார்ந்து பட்டியலின் முதல் எண்ணைப் போட்டாள். வாரங்கல் அச்யுத். சொல்லச் சொன்ன பொய்யைத் தெலுங்கில் அப்படியே சொன்னாள். பையன், "பர்வாலேது அக்கா" என்று சிரித்தான். தப்பு யாருக்கும் நடக்கும், இதற்காக உங்களை யாரும் திட்டாமல் இருந்தால் சரி என்றான். லோயிஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இரண்டாவது பெயர் ஹர்ஷிதா. துறையூர்ப் பெண். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருக்கிறாள். அப்பா படுக்கையில். வீட்டிலிருந்தே வேலை என்றால் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று போன தடவை அரை மணி நேரம் பேசியிருந்தாள்.

"அக்கா! பெட்டி வந்துடுச்சு. அப்பா கட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை இங்க கடைசி நாள். சாயந்திரம் கேக்கெல்லாம் வெட்டுறாங்களாம்."

லோயிஸின் வாயில் இருந்த பொய் அங்கேயே நின்றது.

"ஹர்ஷிதாம்மா, நான் சொல்லுததை நல்லாக் கேளு. அந்த வேலை இல்ல. முப்பத்தொரு பேருக்கும் இல்லன்னுட்டாங்க. திங்கக்கிழமைதான் உங்ககிட்ட சொல்லுவாங்க. நீ இன்னைக்கே போய் ராஜினாமாவை வாபஸ் வாங்கிரு."

மறுமுனையில் குரல் மாறியது. "நீங்க யாரு அதைச் சொல்ல? நீங்க பெட்டி அனுப்புறவங்கதானே? நேத்துகூட ஹெச்.ஆர்ல பேசினாங்க, ஒண்ணும் சொல்லலையே. இப்பல்லாம் எப்படி எப்படியோ ஏமாத்துறாங்க. எனக்கு இனிமே போன் பண்ணாதீங்க."

போன் வைக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மூன்றாம் தடவைக்குள் ஹர்ஷிதா எண்ணையே தடுத்துவிட்டிருந்தாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? பெட்டி கட்டுகிறவள் பேச்சை நம்பி யார் ராஜினாமாவை வாபஸ் வாங்குவார்கள்? வெறும் வாய் வார்த்தை போதாது, அந்த மெயிலையே அனுப்ப வேண்டும். அனுப்பினால் எந்த முகவரியிலிருந்து போனது என்று எழுதி ஒட்டினது போலத் தெரியும். ஒன்பது வருடம் ஒரே நாளில் போய்விடும்.

லோயிஸின் புருஷன் தியோடர் ஒருமுறை இப்படித்தான் மாட்டினார். குஷாய்குடாவில் ஒரு லேத் பட்டறையில் நல்ல வேலை. பக்கத்தில் புதிதாகத் திறக்கவிருந்த பட்டறை கூப்பிட்டது என்று விட்டுவிட்டுப் போனார். போன இடத்தில் கதவு திறக்கவே இல்லை. அது திறக்காது என்று அங்கே சிப்பந்தியாக இருந்த இரண்டு பேருக்கு முன்கூட்டியே தெரியும், சொல்லவில்லை. நமக்கு எதுக்கு என்று இருந்துவிட்டார்கள். பதினான்கு மாதம் தியோடர் வீட்டில் செய்தித்தாளை வரி விடாமல் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு பேரையும் லோயிஸ் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தானே உட்கார்ந்திருக்கிறாள்.

"நக்கோ," என்றாள் வாய்விட்டு. பானு திரும்பிப் பார்த்தாள்.

முப்பத்தொரு முகவரிக்கும் அந்த மெயிலைக் கடைசி வரி வரைக்கும் அப்படியே அனுப்பினாள். கீழே தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டாள். "பெட்டியைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இருக்கிற வேலையை விடாதீர்கள்" என்று நாலு மொழியிலும் எழுதினாள்.

பிறகு போன்கள் வந்தபடி இருந்தன. அழுதார்கள், ஆங்கிலத்தில் திட்டினார்கள், இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். அச்யுத்தை அவளே கூப்பிட்டாள். அவன் போன வாரமே பழைய வேலையிலிருந்து வெளியே வந்திருந்தான், இனி அங்கே இடம் இல்லை. "காலையில சொன்னது என்னக்கா?" என்று தெலுங்கில் கேட்டான். மூன்று மணிக்கு, அவளைத் தடுத்து வைத்திருந்த ஹர்ஷிதாவின் எண்ணிலிருந்து ஒரு வரி வந்தது. "வாபஸ் வாங்கிட்டேன்கா. ஏத்துக்கிட்டாங்க. மன்னிச்சிடுங்க."

மறுநாள் காலை ஆதர்ஷ் நேரிலேயே வந்துவிட்டான். மகிழ்ச்சி ஒன்றும் முகத்தில் இல்லை. ரகசியத்தை வெளியிட்டது யார், ஏன், எழுத்தில் வேண்டும் என்று சரத்தின் மேஜையைத் தட்டினான். ஆளுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லி ஏமாற்றியது பற்றி எழுத்தில் யாராவது கேட்டார்களா என்று வாசலில் நின்ற லோயிஸுக்குக் கேட்கத் தோன்றியது. அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

அவன் போனபின் சரத் அவளை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான். டைப் செய்து தயாராக வைத்திருந்தான்.

"கையெழுத்து மட்டும் போடுங்கக்கா. பட்டன் மாத்தி அழுத்திட்டேன், கவனக்குறைவா போயிடுச்சுன்னு எழுதியிருக்கேன். அவங்களும் விட்டுடுவாங்க, உங்க வேலையும் இருக்கும். இது இல்லாம உங்கள வச்சிருக்க முடியாது. அப்பா காலத்து ஆளுன்னுதான் இவ்வளவு பாக்கறேன்."

"நான் மாத்தி ஒண்ணும் அழுத்தலயே, சார்."

"தெரியும்கா. எழுதினா என்ன ஆகப்போகுது?"

"இதுமாதிரிதான நேத்தும் சொன்னீங்க. நமக்கு எதுக்கு அதுன்னு. நேத்து அவங்க பெட்டிக்கு ஒரு பொய். இன்னைக்கு உங்க ஆர்டருக்கு ஒண்ணு. நான் என்ன பொய் சொல்லுததுக்கா சம்பளம் வாங்குதேன்?" குரலில் பயமில்லை, முழுக்க ஆத்திரம்தான்.

சரத் பேனாவை மேஜைமேல் வைத்தான்.

லோயிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டைப் செய்திருந்த மூன்று வரிகளையும் நிதானமாக ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள்.

"தெரிந்தேதான் அனுப்பினேன். அதற்கு முன் அச்யுத் என்ற பையனிடம், தப்பான பெட்டி வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லச் சொன்னபடியே பொய் சொன்னேன். அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் அவனிடம்தான்."